விடுமுறைப் படங்களுக்காக வாங்கிய கேமராவும் பிரிண்டரும்: பல வருடம் புழங்கிய பிறகு

கேமரா வாங்க யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் எத்தனை மெகாபிக்சல் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். எடுத்த படத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் முதலிலேயே முடிவாகியிருந்தது. விடுமுறைக்குப் போய் வந்தால் படங்கள் 4×6 அங்குல பிரிண்டாகி ஆல்பத்துக்குள் போக வேண்டும், ஒன்றிரண்டு பெரிதாகிச் சுவருக்கு ஏற வேண்டும். செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டினால் அம்மாவுக்குப் பிடிக்காது. “அது பாட்டுக்கு ஓடுதுடா, கையில குடு, நிதானமாப் பாக்கறேன்” என்பார். படம் கடைசியில் பேப்பருக்குத்தான் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்கு எளிது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 4×6 பிரிண்டுக்கு 1200×1800 போதும். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் பிக்சல், ஆக 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 8×10-க்கு 7.2 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் 12×18 படத்தை எட்ட நின்றுதான் பார்ப்போம் என்பதால் அங்குலத்துக்கு 200 இருந்தாலே தெளிவாகத் தெரியும், அதற்கு 8.6 மெகாபிக்சல். ஓரளவு நல்ல எந்தக் கேமராவும் இதைத் தாண்டித்தான் நிற்கிறது. ஆகவே பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லின் பரப்பு. சாதாரண பாக்கெட் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6.2×4.6 மி.மீ. ‘1 அங்குல’ வகை (பெயர்தான் அப்படி) 13.2×8.8 மி.மீ., ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6 மி.மீ. வெயிலில் எடுத்த படத்தை 4×6-ல் போட்டால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. சாயங்காலம் வெளிச்சம் இறங்கியதும்தான் தெரியும். சின்ன சென்சாரில் முகத்தில் மணல் தூவியது போலப் புள்ளி விழும். கேமராவே அதை வழித்துவிட்டால் தோல் மெழுகு மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் எடுத்தது 1 அங்குல சென்சார் உள்ள காம்பாக்ட், அதாவது கையடக்கக் கேமரா. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 பிரபலமாக்கிய வகை இது. பிறகு கேனான் ஜி7 எக்ஸ், பானசோனிக் டிஇசட்100 என்று பல வந்தன. ஏபிஎஸ்-சி கேமரா இதைவிட நல்ல படம் கொடுக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை என்று நடக்கும்போது கழுத்தில் தொங்கும் கேமரா மதியத்துக்குள் பைக்குள் போய்விடும், பிறகு வெளியே வராது. சட்டைப்பைக்குள் போகும் கேமரா நாள் முழுக்க வேலை செய்கிறது. இன்னொரு லாபம், என் மனைவியும் மகளும் தயக்கமில்லாமல் வாங்கி எடுக்கிறார்கள். பழைய ஆல்பங்களில் அப்பாக்களைத் தேடிப்பாருங்கள், இருக்கவே மாட்டார்கள். எங்கள் ஆல்பத்தில் எல்லாரும் இருக்கிறோம். எனக்கு இது சென்சார் அளவைவிடப் பெரிய விஷயம்.

செல்போன் போதாதா என்று கேட்கலாம். பகலில், கிட்டத்தில் இருப்பவர்களை எடுக்கப் போதும். கேமரா தேவைப்படும் இடங்கள் வேறு. முதலாவது ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நகர்ந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டுவது. இரண்டாவதை அதிகம் பேர் சொல்வதில்லை: ஃப்ளாஷ். உச்சி வெயிலில் தொப்பி போட்ட குழந்தையை எடுத்தால் தொப்பியின் நிழல் மூக்கு வரைக்கும் இறங்கி, கண் இரண்டும் கறுத்த குழியாக விழும். இந்த வகைக் காம்பாக்ட்களில் வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், ஷட்டர் ஸ்பீடை எவ்வளவு வேகமாக வைத்தாலும் பெரும்பாலும் ஃப்ளாஷ் சேர்ந்து அடிக்கும். லென்ஸ் மாற்றும் கேமராவில் 1/200 அல்லது 1/250 வினாடியைவிட வேகமாகப் போனால் சாதாரண ஃப்ளாஷ் ஒத்துழைக்காது. நான் வெட்டவெளியில் ஃப்ளாஷைக் கட்டாயமாக ‘ஆன்’ செய்து, அதன் சக்தியை ஒரு படி குறைத்துவிடுவேன். பின்னால் வானம் நீலமாகவே இருக்கும், முன்னால் கண் தெரியும். கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு விழும் பாருங்கள், பிரிண்டில் அந்தப் பொட்டுதான் முகத்துக்கு உயிர் கொடுக்கிறது.

ஓடும் பிள்ளைகளுக்கு ஆட்டோவை நம்ப வேண்டாம். ‘ஸ்டெபிலைசேஷன்’ நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும்; ஓடுகிறவரை நிறுத்தாது. ஷட்டர் ஸ்பீடு 1/250-க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவை) ஆட்டோவில் விட்டுவிடுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், கலங்கிய முகத்தை வைக்க முடியாது.

நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்த குறைகளும் உண்டு. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் அமைப்பு என்பதால் கடற்கரை மணலும் தூசியும் உள்ளே போகும். எங்கள் கேமராவில் ஜூம் செய்து எடுத்தால் வானத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறது. இது வெளியே துடைத்துப் போகிற அழுக்கு இல்லை, பிரித்துத்தான் எடுக்க வேண்டும். மணல் இருக்கும் இடத்தில் ஜிப் வைத்த பையில் வைத்தே கொண்டுபோவது நல்லது. பேட்டரி சிறியது, கூடுதலாக ஒன்று இல்லாமல் கிளம்பக் கூடாது. வெயிலில் பின்திரை தெரியவே தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கும் மாடலாக எடுங்கள், விலை கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை.

பிரிண்டர் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரிண்ட் போடுவீர்கள்? விடுமுறைப் படங்கள் மொத்தமாக வரும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. வீட்டில் முன்பு இருந்த இங்க்ஜெட் இந்தப் பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. சும்மா கிடந்தால் மை தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்து, வானத்தின் குறுக்கே கோடு கோடாக விழும். ஹெட் க்ளீனிங் கொடுத்தால் சரியாகும், ஆனால் அந்த மை முழுவதும் உள்ளே இருக்கும் கழிவுமைப் பஞ்சுக்குத்தான் போகிறது. இங்க் டேங்க் பிரிண்டரில் மை மலிவு என்றாலும் காய்கிற குணம் அதேதான். வாரம் தவறாமல் ஏதாவது அச்சடிக்கிற வீடாக இருந்தால் இங்க்ஜெட்டே நல்லது. எப்சன் எல்8050 போன்ற ஆறு நிற மாடல்களில் வெளிர் சியானும் (பச்சை கலந்த நீலம்) வெளிர் மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) தனியாக இருப்பதால் தோல் நிறம் வழுவழுப்பாக வரும், ஏ4 வரை போடலாம்.

எங்களுக்கு வாய்த்தது டை-சப்ளிமேஷன் பிரிண்டர். கேனான் செல்ஃபி சிபி வரிசை இந்த வகை. இதில் திரவ மையே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பனில் நிறம் பூசியிருக்கும். சூடு பட்டதும் அது பேப்பரின் மேல்பூச்சுக்குள் இறங்கும். பேப்பர் நான்கு முறை உள்ளே போய் வெளியே வருகிறது. முதல் முறை மஞ்சளாக ஒரு பேய்ப் படம். அடுத்தது மெஜந்தா ஏறியதும் முகங்கள் சிவந்து தெரியும். சியான் ஏறியவுடன் கடல் கடலாகிவிடும். நான்காவது முறை நிறமில்லாத ஒரு பாதுகாப்புப் பூச்சு. வெளியே வரும்போதே உலர்ந்திருக்கும், ஈரக்கை பட்டாலும் துடைத்துவிடலாம். மாதக்கணக்கில் மூடி வைத்திருந்து எடுத்தாலும் முதல் படமே சுத்தமாக வருகிறது. நான் இதன் பக்கம் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ரிப்பனும் பேப்பரும் எண்ணிக்கை பொருந்தியே வரும். 108 பேப்பர் பேக்கில் ஒவ்வொன்றும் 36 படம் போடும் மூன்று ரிப்பன் கார்ட்ரிட்ஜ் இருக்கும். இருட்டான படமானாலும் வெள்ளையான படமானாலும் ஒரே நீளம்தான் செலவாகும், அதனால் ஒரு படத்துக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். தப்பாக ஒன்று போட்டால் ரிப்பனும் சேர்ந்து போய்விடும் என்பதும் உண்மை. போஸ்ட்கார்டு அளவு 100×148 மி.மீ., அசல் 4×6-ஐவிடச் சற்றுக் குறைவு, ஆல்பப் பையில் கொஞ்சம் தளர்வாகத்தான் உட்காரும். இந்தப் பிரிண்டரின் பெரிய எதிரி தூசி. பேப்பரின் மேல் ஒரு துகள் இருந்தாலும் அந்த இடத்தில் நிறம் ஏறாது, வெள்ளைப் புள்ளி நிற்கும். பேப்பரின் பளபளப்பான பக்கத்தை விரலால் தொடவே கூடாது, ட்ரேயைப் பிரிண்டரிலேயே விட்டுவைக்கவும் கூடாது. பேப்பர் பின்பக்கமும் நீண்டு வரும் என்பதால் சுவரை ஒட்டி வைக்க முடியாது. தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு படமும் நிறம் நிறமாக அப்படியே தெரியும்; குடும்பப் படம் என்பதால் நான் வெட்டித்தான் குப்பையில் போடுகிறேன்.

பிரிண்டுக்கு முன் இரண்டு விஷயம். செல்போன் படம் 4:3 விகிதம். 6 அங்குல அகலத்துக்கு 4.5 அங்குல உயரம் வரும், 4×6-ல் அரை அங்குலம் வெட்டுப்படும். நெருக்கி எடுத்த குரூப் போட்டோவில் அது யாருடைய உச்சந்தலையாகவோ இருக்கும். நமது 1 அங்குல சென்சார் இயல்பாகவே 3:2 என்பதால் அந்தக் கவலை இல்லை. செல்போனில் எடுத்தால் மேலும் கீழும் இடம் விட்டு எடுங்கள். அடுத்தது வெளிச்சம். திரை தானே ஒளிர்கிறது, பேப்பர் ஒளிராது, அதனால் பிரிண்ட் எப்போதும் திரையில் பார்த்ததைவிட இருட்டாகவே தோன்றும். ஒரே படத்தை நான்கு அளவு வெளிச்சத்தில் தயார் செய்து, ஒரே பேப்பரில் நான்காகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். எது பிடிக்கிறதோ அதுதான் உங்கள் அளவு, பிறகு எல்லாப் படத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டாக்ஸ் மினி, ஜிங்க் போன்ற உடனடிச் சின்னப் பிரிண்டுகள் பிள்ளைகளுக்குக் குதூகலம். மினியின் படப்பகுதி 62×46 மி.மீ.தான். ஐந்தாறு பேர் நிற்கும் படத்தில் முகம் பொட்டளவு ஆகிவிடும் என்பதால் ஆல்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆல்பத்தின் பைகள் பிவிசியாக இருக்க வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிவிசியில் இருக்கும் மென்மையாக்கிகள் காலப்போக்கில் டை-சப்ளிமேஷன் நிறத்தைக் கெடுக்கும். பசை, செல்லோடேப் எதுவும் படத்தின் முகத்தில் படக்கூடாது. உள்ளே வைப்பதற்கு முன்பே பின்பக்கத்தில் இடமும் மாதமும் யார் யார் என்பதும் எழுதிவிடுங்கள்.

சுவருக்கான பெரிய படத்துக்கு மட்டும் நாங்கள் போட்டோ லேபைத்தான் நாடுகிறோம். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஜேபெக்காகக் கொடுத்து, தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லி, பளபளப்பு குறைந்த லஸ்டர் பேப்பரில் கேட்டு வாங்குவது வழக்கம். ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நேராகக் கண்ணாடியில் பட்டால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படத்தின் மேல்பூச்சும் சேர்ந்து உரிந்துவிடும்.