எம்எம்ஏ கூண்டுக்குள் யாருடைய அடி எடுபடும்?

குத்துச்சண்டையில் பல எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனி, 2010 ஆகஸ்டில் யுஎஃப்சி 118-இல் மல்யுத்தத்திலிருந்து வந்த ராண்டி கூட்டூருடன் மோதினார். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைதான் எம்எம்ஏ; அதன் பெரிய போட்டி அமைப்பு யுஎஃப்சி. மணி அடித்த சில நொடிகளில் கூட்டூர் காலை வாரித் தரையில் சாய்த்தார். முதல் சுற்று முடியும் முன்பே கையோடு சேர்த்துக் கழுத்தை இறுக்கி முடித்துவிட்டார். குத்துச்சண்டை எம்எம்ஏ-வுக்கு உதவாது என்பவர்கள் இன்றும் காட்டும் உதாரணம் இதுதான். எனக்கென்னவோ இது அரைகுறைப் பாடமாகப் படுகிறது. அடிக்கும் கலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கைகளை மட்டும் பார்த்தால் குத்துச்சண்டைக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து), கோணம் மாற்றுவது, அடிகளைக் கோத்துப் போடுவது எல்லாம் அப்படியே கூண்டுக்குள் வரும். சிக்கல் நிற்கும் விதத்தில்தான். முன்காலில் எடையேற்றி நின்றால் லோ கிக்குக்கு (காலில் விழும் உதை) தீனி. குனிந்து குத்தைத் தவிர்த்தால் அங்கே முழங்கால் காத்திருக்கும். அப்புறம் கிளவுஸ். 10 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பின்னால் முகத்தைப் பதுக்கிக்கொள்ளலாம். 4 அவுன்ஸில் அந்தச் சுவர் கிடையாது, சந்து வழியாகக் குத்து புகுந்துவிடும்.

முழங்கால், முழங்கை எல்லாம் பயன்படுத்தும் தாய்லாந்துச் சண்டைக்கலை முவாய் தாய். முவாய் தாய்க்காரருக்குக் கட்டிப்பிடிச் சண்டை புதிதல்ல. 2006-இல் ஆண்டர்சன் சில்வா, ரிச் ஃபிராங்க்ளினின் கழுத்தைப் பிடித்துவைத்து முழங்காலால் இடித்தே யுஎஃப்சி பட்டத்தைப் பறித்தார். ஆனால் நிமிர்ந்து நிற்கும் பழக்கம் மல்யுத்தக்காரருக்கு வசதி. உதைத்த கால் பிடிபட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கிக்பாக்ஸிங்கில் கட்டிப்பிடித்தால் நடுவர் சீக்கிரம் பிரித்துவிடுவார். அந்தச் சொகுசு இங்கே இல்லை. கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்த இஸ்ரேல் அடேசான்யாவையே 2021-இல் யான் பிளாஹோவிச் கடைசிச் சுற்றுகளில் தரையில் போட்டு அமுக்கினார். இருந்தாலும் வேகமும் அடிக்கோவையும் நன்றாகவே கைகொடுக்கின்றன. அதே கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்த அலெக்ஸ் பெரெய்ரா அதற்குச் சாட்சி.

கராத்தேயைப் பலரும் மட்டமாகப் பேசுவார்கள். எட்ட நிற்பது, சட்டென்று உள்ளே பாய்ந்து அடித்துவிட்டு விலகுவது, இந்த ஒரு பழக்கமே டேக்டவுனுக்கு (தரையில் வீழ்த்தும் முயற்சி) நல்ல தடுப்பு. கராத்தேக்காரர் லியோட்டோ மச்சீடா 2009-இல் யுஎஃப்சி பட்டம் வென்றது இந்த வழியில்தான். டேக்வாண்டோவின் சுழல் உதைகள் கண்ணுக்கு விருந்து. கைகள் தாழ்ந்தே இருப்பதுதான் தொல்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு முவாய் தாய்க்கு. ஏற்கெனவே வேறொன்றில் தேர்ந்தவர் அதை விட்டுவிட வேண்டாம். காலைப் பிடிக்க வருபவரிடமிருந்து விலகக் கற்றால் போதும்.

டோனிக்குக் கூட்டூருடன் மோதியதுதான் முதல் எம்எம்ஏ சண்டை. குத்துச்சண்டையில் உலகப் பட்டங்கள் வென்ற இன்னொருவரான ஹோலி ஹோம், 2011-லிருந்து கூண்டுக்குள் ஒன்பது சண்டைகளை வென்ற பிறகே 2015-இல் ஜூடோவிலிருந்து வந்த அன்றைய யுஎஃப்சி சாம்பியன் ரோண்டா ரவுசியைச் சந்தித்தார். ரவுசி பிடிக்கப் பாய்ந்தபோதெல்லாம் ஹோம் பக்கவாட்டில் நழுவி இடக்கையை நேராக இறக்கினார். இரண்டாம் சுற்றில் இடக்கால் உதை கழுத்தில் விழுந்தது, ரவுசி சாய்ந்தார். அந்த உதை ஹோமின் பழைய கிக்பாக்ஸிங் நாட்களிலிருந்து வந்தது.