இறுக்கிய கொண்டையா, ஸ்ட்ரெய்ட்னிங்கா: எதில் போன முடி திரும்பும்?

ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடி கொத்தாகக் கையோடு வந்தால் பதறிவிடுகிறோம். பெரும்பாலும் அது நடுவில் முறிந்த முடிதான். வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கும். மாதம் சுமார் 1 செ.மீ. வீதம் வளர்ந்துவிடும். (முடியை நேராக்கத் தடவும் மருந்து பட்டுத் தலைத்தோல் புண்ணாகித் தழும்பானால் கதை வேறு.)

இறுக்கிய கொண்டையும் போனிடெயிலும் சத்தமில்லாமல் வேலை பார்ப்பவை. நாள்தோறும் இழுபட்டு, நெற்றியோரமும் காதோரமும் முடி பின்வாங்கிக்கொண்டே போகும். விளிம்பில் பூனைமுடி மட்டும் மிஞ்சும். வலி, சிவப்பு, சிறு கொப்புளம் தெரியும்போதே தளர்த்திவிட்டால் சில மாதங்களில் முடி திரும்பும். ஆண்டுக்கணக்கில் இழுத்து, வேர்ப்பை தழும்பாகித் தோல் வழவழப்பாகிவிட்டால் முடி வளர்வதற்கான மருந்தான மினாக்சிடில் தடவியும் பயன் குறைவு. முடி மாற்று சிகிச்சையைத்தான் யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் கொண்டைதான் அதிக ஆபத்து. ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடியையே இறுக்கிக் கட்டுவது அதையும்விட மோசம்.