சூவோ லைன் காலை ரயில்: டிரைவருக்குப் பின்னால் நின்று பார்த்தால்

டோக்கியோவின் மேற்குப் பகுதியில் இருக்கும் தச்சிகாவா ஸ்டேஷனில் காலை ஏழரை மணிக்கு, டோக்கியோ ஸ்டேஷன் பக்கம் போகும் சூவோ லைன் ரேப்பிட் ரயிலுக்கு (சில ஸ்டேஷன்களில் நிற்காமல் போகும் வண்டி) காத்திருப்பவர்கள், இறங்குகிற இடத்தில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் வரிசையில் நிற்பார்கள். நான் பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் நடந்து முதல் பெட்டிக்குப் போய்விடுவேன். வார நாள் காலையில் டோக்கியோ நோக்கிப் போகும் நெரிசல் நேர ரயில்களில் அது பெண்களுக்கு மட்டுமான பெட்டி. டிரைவர் அறைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியை ஒட்டி நிற்கும் வாய்ப்பு அதனால் எங்களுக்குக் கிடைக்கிறது. 2025 மார்ச்சிலிருந்து இந்த ரயில்களில் நாலாவது, ஐந்தாவது பெட்டிகள் மாடி வைத்த கிரீன் கார், அதாவது சொகுசுப் பெட்டி. தனிக் கட்டணம் கட்டி அங்கே உட்கார்ந்தும் வந்திருக்கிறேன். சொகுசுதான், ஆனால் எனக்கு முதல் பெட்டியில் நின்றுகொண்டு வருவதுதான் பிடித்திருக்கிறது.

டிரைவர் இடது பக்கம் உட்காருவார். நடுக் கதவின் கண்ணாடி வழியாகவோ வலது பக்கக் கண்ணாடி வழியாகவோ பார்த்தால் தண்டவாளமும் தெரியும், அவர் கைகளும் தெரியும். எதிரே பலகையில் ஒரு சின்னக் குழி, அதில் அவருடைய பாக்கெட் கடிகாரம். பக்கத்தில் ஓட்ட நேர அட்டை. இடது கையில் ஒரே ஒரு கைப்பிடி, தன் பக்கம் இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக். கதவுகளை மூடுவது கடைசிப் பெட்டியில் இருக்கும் கண்டக்டர். எல்லாக் கதவும் மூடியதும் டிரைவர் முன்னால் ஒரு சிறு விளக்கு எரியும், அது எரிந்த பிறகுதான் கைப்பிடி அசையும்.

அப்புறம் அந்த வெள்ளைக் கையுறை போட்ட விரல். ஒவ்வொரு சிக்னலையும் நேராகச் சுட்டிக்காட்டி, அது என்ன காட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறார். புறப்படும்போது 'ஷுப்பாட்சு ஷின்கோ', அதாவது புறப்பாட்டு சிக்னல் போகச் சொல்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குரல் சரியாகக் கேட்காது, உதடு அசைவது தெரியும். முதல் நாள் பார்த்தபோது இது ஏதோ சடங்கு என்று நினைத்தேன். இல்லவே இல்லை. ஜப்பானின் ரயில் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் செய்த சோதனையில், சும்மா பார்த்துச் செய்தபோது நூற்றுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிக்காட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இத்தனை ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கையில், ஒரு மனிதர் யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு விளக்குக்கும் அதே கவனத்தோடு விரல் நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

தச்சிகாவாவிலிருந்து ஹிகாஷி நகானோ வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடு. 1889-ல் கோபு ரயில்வே என்ற தனியார் கம்பெனி முசாஷினோ சமவெளியில் போட்ட பாதை இது. மிதாகாவுக்கும் தச்சிகாவாவுக்கும் இடையே இருந்த 18 லெவல் கிராசிங்குகளும் பாதையை உயர்த்திக் கட்டியதில் போய்விட்டன, 2010-ல் அந்த வேலை முடிந்தது. அதனால் பெரும்பாலான இடங்களில் கூரைகளுக்கு மேலே தண்டவாளம் மட்டும்தான். நெரிசல் நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற கணக்கில் ஓடுவதால், அந்த நேர்கோட்டில் முன்னால் போகிற ரயிலின் சிவப்பு விளக்குகள் சில சமயம் தெரியும். மஞ்சள் சிக்னல் வந்தால் விரல் நீளும், கைப்பிடி முன்னால் போகும், வேகம் குறையும். உள்ளே நசுங்கிக்கொண்டு நிற்கும்போது 'ஏன் இப்படி ஊர்கிறது' என்று எரிச்சல் வருமே, அதற்குக் காரணம் இங்கே நின்றால் கண்ணுக்கு நேராகவே தெரிகிறது.

ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தும் விதத்தையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பிரேக்கை முதலில் நன்றாகப் பிடித்து, பிறகு ஒவ்வொரு படியாகத் தளர்த்திக்கொண்டே வந்து, நிற்கிற நொடியில் கிட்டத்தட்ட விட்டுவிடுகிறார். அதனால்தான் நிற்கும்போது குலுங்குவதில்லை.

நகானோவில் ஏறுகிற கூட்டத்துக்குத் தயாராக இருங்கள். 2019 கணக்கில் நகானோ–ஷிஞ்ஜுகு இடையே உச்ச நேர நெரிசல் 184 சதவீதம், அதாவது ரயிலின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக் கூட்டம். பெண்கள் பெட்டியிலும் கண்ணாடியில் கன்னம் ஒட்டத்தான் செய்யும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு வருவதுதான் இந்தப் பயணத்திலேயே சிறந்த இடம். ஹிகாஷி நகானோ தாண்டி நேர்கோடு முடிந்து ரயில் வலது பக்கம் வளைந்து ஷிஞ்ஜுகுவுக்குள் நுழைகிறது. அங்கே டோக்கியோ பக்கம் போகும் ரயில்களுக்கு 7, 8 என்று இரண்டு தடங்கள். ஒன்றில் முன்னால் வந்த ரயில் இன்னும் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நம் ரயில் மற்றதற்குள் போய் நிற்கும். அந்த ரயில் கிளம்புகிறது, நம் கதவு திறக்கிறது. இரண்டு நிமிட இடைவெளி எப்படிச் சாத்தியம் என்று எனக்கு அதைப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது.

ஷிஞ்ஜுகுவில் நிறையப் பேர் இறங்கிவிடுவார்கள், மூச்சு விடலாம். ஒச்சானோமிசுவில் இடது பக்கம் கந்தா ஆறு, எதிரே ஹிஜிரிபாஷி வளைவுப் பாலம், நேரம் பொருந்தினால் மருனோஉச்சி சுரங்க ரயில் ஒரு கணம் வெளியே வந்து ஆற்றைக் கடந்து மறுபடி மண்ணுக்குள் போவதையும் பார்க்கலாம். அடுத்து செங்கல் மேம்பாதை. 1943-ல் மூடிய மன்செய்பாஷி ஸ்டேஷனின் பழைய பிளாட்பாரம் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் போட்டு இருக்கிறது. பகலில் அங்கே நின்று நம் ரயிலை அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம்.

டோக்கியோ ஸ்டேஷனில் பாதை மேலே ஏறி முடிகிறது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு இடம் விடுவதற்காக 1995-ல் இந்த பிளாட்பாரத்தை மட்டும் மேலே தூக்கிக் கட்டினார்கள். அத்தனை ரயில்களும் இரண்டே தடங்களில் வந்து திரும்புகின்றன.

ஆண்கள் பார்க்க வேண்டுமென்றால் சனி, ஞாயிறு பகலில் வாருங்கள். அன்றைக்கு ரேப்பிட் ரயில் கோஎன்ஜி, அசாகயா, நிஷி ஒகிகுபோ மூன்றிலும் நிற்காது, பிளாட்பாரங்கள் விறுவிறுவென்று கடந்து போகும். எதிர்த் திசையில், மேற்கே தகாவோ பக்கம் போகிற ரயிலில் ஏறினால், வானம் தெளிந்த குளிர்காலத்தில் தச்சிகாவா தாண்டி தாமா ஆற்றுப் பாலத்தில் ஃபுஜி மலையும் தெரியும். இரவில் மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். பெட்டி வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டு டிரைவரின் பார்வையை மறைக்கும் என்பதால் அவருக்குப் பின்னால் திரையை இறக்கிவிடுவார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள், அவர் கண் சிக்னலில் இருக்கிறது. பக்கத்தில் குழந்தை யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.