டிஸ்பிளே வராத புதுக் கணினி: பீப் ஸ்பீக்கர், டீபக் விளக்கு, போஸ்ட் கார்டு, பவர் டெஸ்டர் ஆகியவற்றில் எதை நம்பலாம்?

புதிதாகப் பூட்டிய கணினியில் பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, ராம் விளக்குகள் மின்னுகின்றன, மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்கிறது. கோளாறு எந்தப் பாகத்தில் என்று மாற்றிப் பார்க்க இன்னொரு பிராசஸரும் இன்னொரு மதர்போர்டும் வீட்டில் பெரும்பாலும் இருக்காது. அந்த இடத்தை நிரப்பத்தான் சில சின்னக் கருவிகள் விற்கப்படுகின்றன. சில போர்டுகளில் அவை உடன்பிறந்தே வருகின்றன. எல்லாமே ஒரே வேலையைச் செய்வதாகத்தான் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தைத்தான் பார்க்கிறது.

அந்தக் கட்டங்களின் வரிசை இது. பட்டனை அழுத்தியதும் பவர் சப்ளை முதலில் தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்தி, ‘எல்லாம் சரி’ என்று போர்டுக்கு ஒரு சைகை தரும். அதன்பின் பிராசஸர் விழித்து, பயாஸ் (போர்டின் சிப்பில் உள்ள தொடக்க மென்பொருள்) கட்டளைகளைப் படிக்கத் தொடங்கும். பிறகு ராம், அதற்கும் பிறகுதான் கிராபிக்ஸ். திரையில் படம் வருவது ஏறக்குறையக் கடைசிப் படி. அதனால் கறுத்த திரை ஒன்றையே பார்த்துக்கொண்டு எது பழுது என்று ஊகிக்க முடியாது. விசிறி சுற்றுவதும் சான்றாகாது, 12 வோல்ட் வந்தாலே அது சுற்றும்.

எதையும் வாங்குவதற்கு முன் நான்கு இடங்களைப் பார்த்துவிடுங்கள், புது அசெம்பிளியில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா, போர்டின் பின்புற எச்.டி.எம்.ஐ துளையில் இருக்கிறதா? பிராசஸருக்கு அருகில் உள்ள 8 பின் மின் இணைப்பு போட்டாயிற்றா? போர்டின் முதன்மை மின் இணைப்பான 24 பின்னை மட்டும் செருகினாலும் விசிறி சுற்றும், பிராசஸர் மட்டும் எழாது. ராம் பட்டை இருபுறமும் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா? நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு பட்டைகள் என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான், அதாவது ஏ2, பி2. கடைசியாக, பிராசஸரில் கிராபிக்ஸ் உண்டா? இன்டெல் மாடல் எண் ‘எஃப்’ என்று முடிந்தால் கிடையாது, ரைசன் 5600எக்ஸ் போன்றவற்றிலும் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் இவற்றிலிருந்து படம் வராது.

இவ்வளவும் சரியாக இருந்து திரை கறுப்பாகவே இருந்தால் கருவிகளுக்கு வருவோம்.

பீப் ஸ்பீக்கர்

இந்த வரிசையில் மிக எளிய பொருள் இதுதான், எங்கள் மதிப்பில் முதலிடமும் இதற்குத்தான். நகத்தளவு ஒலிப்பான், இரண்டு ஒயர், நான்கு துளை பிளக். முன்பு கேபினெட்டிலேயே ஒன்று இருக்கும், இப்போது பெரும்பாலான கேபினெட்டுகளிலும் போர்டு பெட்டிகளிலும் வருவதில்லை. போர்டின் ஓரத்தில் ‘ஸ்பீக்கர்’ என்று அச்சிட்ட நான்கு பின் வரிசையில் செருக வேண்டும், சிவப்பு ஒயர் 5 வோல்ட் பக்கம். முன்புற ஹெட்போன் துளையில் இந்த ஒலி கேட்காது, இதற்கென்று தனி ஸ்பீக்கர்தான் வேண்டும்.

கோளாறைப் பொறுத்து போர்டு இதில் வெவ்வேறு பீப் குறிகளை ஒலிக்கும். ஆனால் இதன் பலம் அந்தக் குறிகளை மனப்பாடம் செய்வதில் இல்லை. ராமைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. பவர் சப்ளையின் பின்புற சுவிட்சை அணைத்து, போர்டில் எஞ்சிய விளக்குகள் அணையும்வரை காத்திருந்து, எல்லா ராம் பட்டைகளையும் எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கரைச் செருகி இயக்குங்கள். சில நொடிகளில் தொடர்ந்து பீப் கேட்டால் அது நல்ல செய்தி: ‘ராம் இல்லை’ என்று கத்துவதற்குக்கூட பிராசஸர் பயாஸைப் படித்திருக்க வேண்டும். ஆக பிராசஸர், அதன் மின் இணைப்பு, பயாஸ் சிப், போர்டின் முக்கியப் பகுதி எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

இனி ஒரே ஒரு பட்டையை ஏ2-இல் போட்டு இயக்குங்கள். அதே பீப் தொடர்ந்தால் மற்றப் பட்டையை அதே இடத்தில் போடுங்கள், பிறகு பி2. எந்தப் பட்டை போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் கத்துகிறது என்றால் பட்டைமேல் பழி போடாதீர்கள். பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின், அல்லது ஒரு பக்கம் அதிகமாக முறுக்கிய கூலர் திருகு, பிராசஸருக்கும் அந்த ஸ்லாட்டுக்கும் இடையிலான பாதையையே (சேனல்) துண்டித்துவிடும். ஒலி மாறி வேறு குறி வந்தால் ராம் தேறிவிட்டது, சிக்கல் அடுத்த படிக்கு நகர்ந்துவிட்டது.

குறிகளை மட்டும் இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியலை வைத்துப் படிக்கக் கூடாது. ஒரு நீண்ட பீப், இரண்டு குறுகிய பீப் என்றால் பழைய அவார்ட் பயாஸில் வீடியோ கோளாறு. ஏசுஸ் போர்டுகளிலோ அது ‘ராம் கிடைக்கவில்லை’, ஒரு நீண்டது, மூன்று குறுகியதுதான் ‘கிராபிக்ஸ் கிடைக்கவில்லை’. தவறான பட்டியலைப் பார்த்தவர் நல்ல கிராபிக்ஸ் கார்டைத் திருப்பி அனுப்புவார். உங்கள் போர்டின் கையேடு மட்டுமே கணக்கு.

குறைகளும் உண்டு. சில புதிய போர்டுகளில் ஸ்பீக்கர் பின்களே இல்லை, வாங்குமுன் பாருங்கள். இன்னொன்று, முழு அமைதி எதையும் உறுதியாகச் சொல்வதில்லை: பிராசஸருக்கு மின்சாரம் போகாவிட்டாலும் அமைதி, பயாஸ் அந்த பிராசஸரை அறியாவிட்டாலும் அமைதி, போர்டின் அடியில் தவறான இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சின்னத் திருகுத் தூண்) ஷார்ட் செய்தாலும் அமைதிதான். அப்போது போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம் மட்டும் வைத்து, பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு இயக்கிப் பார்க்க வேண்டும்.

போர்டிலேயே உள்ள விளக்குகள்

எம்எஸ்ஐ இதை ஈசி டீபக் (கோளாறு கண்டறிதல்) என்கிறது, ஏசுஸ் கியூ-எல்.ஈ.டி என்கிறது. நான்கு விளக்குகள்: சி.பி.யூ (பிராசஸர்), டிராம் (ராம்), வி.ஜி.ஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே கோளாறு. வசதியான ஏற்பாடு, ஆனால் இதைப் படிப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது.

முதல் தவறு டிராம் விளக்கில். டி.டி.ஆர்.5 என்ற புதிய ராம் வகைக்கான போர்டுகள், குறிப்பாக 2022-இல் ரைசன் பிராசஸர்களுக்காக வந்த ஏ.எம்.5 வகை, முதல்முறை இயங்கும்போது ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ள நேரம் எடுக்கும். ட்ரெயினிங் என்பார்கள். அதுவரை டிராம் விளக்கு எரிந்துகொண்டே, திரை கறுத்தே இருக்கும். பட்டைகளின் கொள்ளளவும் எண்ணிக்கையும் கூடக்கூட இது பல நிமிடங்கள் நீளும். பொறுமை இழந்து நடுவில் பவரை அணைப்பவர் அந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார். சிமாஸை (பயாஸ் அமைப்புகளின் சேமிப்பை) அழித்தாலும் அப்படியே: மறுபடி முழு ட்ரெயினிங். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மறுபடி இயக்கி ‘போர்டு செத்துவிட்டது’ என்று முடிவு கட்டப்படும் கணினிகளில் பல உண்மையில் நல்ல நிலையில் இருப்பவை. ஒரே ஒரு பட்டையோடு இயக்கிவிட்டு கால் மணி நேரம் கை வைக்காமல் விடுங்கள்.

வி.ஜி.ஏ விளக்கு அணையாமல் நின்றால் கார்டு ஸ்லாட்டில் முழுதாக இறங்கியதா, கார்டின் தனி மின் கேபிள் போட்டாயிற்றா என்று பாருங்கள். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் பயன்படுத்தியிருந்தால் அதை நீக்கிவிட்டு நேரடியாகப் போர்டில் செருகிப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டு படம் தராமல் போவது வழக்கமான ஒன்று, பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 ஆக்கினால் சரியாகும்.

பூட் விளக்கு மட்டும் எரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் நிறுவாத புதுக் கணினியில் அது எரியத்தான் செய்யும். அந்த நிலையிலும் திரை கறுப்பு என்றால் கணினி தன் வேலையை முடித்துவிட்டது. மானிட்டரின் இன்புட் தேர்வு, கேபிள், தவறான துளை, இவற்றைப் பாருங்கள்.

விளக்குக்குப் பதில் இரண்டு இலக்கத் திரை உள்ள போர்டு கிடைத்தால் அது இன்னும் மேல். ஏ.எம்.ஐ பயாஸ் உள்ள போர்டுகளில் 55 என்றால் ராம் இல்லை, டி6 என்றால் படம் அனுப்பக் கருவி எதுவும் கிடைக்கவில்லை. 00 என்றே உறைந்து நின்றால் பிராசஸர் கட்டளைகளைத் தொடங்கவே இல்லை என்று பெரும்பாலும் பொருள்.

ஸ்லாட்டில் செருகும் போஸ்ட் கார்டு

வாங்க வேண்டாம். போஸ்ட் என்பது கணினி எழும்போது செய்யும் சுயசோதனை. அப்போது 80 எச் என்ற முகவரிக்கு பயாஸ் அனுப்பும் குறிகளை, பி.சி.ஐ என்ற பழைய வகை ஸ்லாட் வழியாகப் படித்துக் காட்டும் கார்டு இது. பழைய போர்டுகளுக்கு அருமையான கருவி. இன்றைய வீட்டுப் போர்டுகளில் அந்த ஸ்லாட்டே அநேகமாக இல்லை. பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் வடிவிலும் விற்கிறார்கள், ஆனால் பெரும்பாலான போர்டுகள் அந்தக் குறிகளை எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கு அனுப்புவதில்லை. கார்டு வெறுமனே எதையோ காட்டி நிற்கும், பார்ப்பவர் அதைக் கோளாறு எண்ணாக நினைத்துத் தேடுவார். தவறான தகவல் தரும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

பவர் சப்ளை டெஸ்டர்

24 பின், 8 பின் கேபிள்களைச் செருகினால் சின்னத் திரையில் எண்கள் வரும். 12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். ‘பி.ஜி’ என்று காட்டும் எண் 100 முதல் 500 மில்லி நொடிக்குள் வேண்டும், முன்பு சொன்ன ‘எல்லாம் சரி’ சைகைக்கு ஆகும் நேரம் அது. எண் எல்லை தாண்டினால் பவர் சப்ளையை மாற்றலாம், சந்தேகமே இல்லை. எல்லாம் சரியாக வந்தால் அது பாதிச் சான்றுதான், ஏனென்றால் இந்த டெஸ்டர் கணினி இழுக்கும் அளவு சுமையை இழுப்பதில்லை. சுமையில் சரியும் பவர் சப்ளை இதில் தேறிவிடும். ஒரே ஒரு கணினி பூட்டுபவருக்கு இது தேவையில்லை, அடிக்கடி பூட்டுபவர் வைத்துக்கொள்ளலாம்.

மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளை என்றால் எந்த டெஸ்டரும் பிடிக்காத ஓர் ஆபத்து: பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் போடுவது. பிளக் பொருந்தும், ஆனால் பவர் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடலாம். டிஸ்க்கும் போர்டும் கருகிவிடலாம். பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன்

இதைச் சோதனைக் கருவியாக யாரும் சொல்வதில்லை, ஆனால் சி.பி.யூ விளக்கு அணையாமல் நின்று ஸ்பீக்கரும் ஊமையாக இருக்கும்போது கடைசியில் கைகொடுப்பது இதுதான். பிராசஸர் புதியது, போர்டு அதற்கு முந்தைய காலத்தில் பெட்டிக்குள் போனது: 12-ஆம் தலைமுறைக்காக வந்த இன்டெல் 600 வரிசைப் போர்டில் 14-ஆம் தலைமுறை பிராசஸர் என்பதுபோல. பெட்டியின் மேலுள்ள ஸ்டிக்கரில் பயாஸ் பதிப்பு இருந்தால் நிறுவனத்தின் பிராசஸர் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். போதாது என்றால் பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பைக் கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றி, பின்புறத்தில் அதற்கென்று குறியிட்ட யூ.எஸ்.பி துளையில் செருகி, பட்டனை அழுத்துங்கள். பிராசஸரோ ராமோ இல்லாமலே இது வேலை செய்யும், பவர் சப்ளையின் 24 பின்னும் 8 பின்னும் இணைந்திருந்தால் போதும். பட்டனருகே உள்ள விளக்கு பல நிமிடங்கள் சிமிட்டும். சில நொடியிலேயே அது நின்றுவிட்டால் கோப்பின் பெயர் அல்லது ஃபார்மட் தவறு, சரிசெய்து மறுபடி அழுத்தலாம். சிமிட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.