நெண்டோராய்டு: அசலா, போலியா?

ஜப்பானின் குட் ஸ்மைல் கம்பெனி 2006 முதல் வெளியிடும் நெண்டோராய்டு பொம்மைகள் சுமார் 10 செ.மீ. உயரம், பெரிய தலை, மாற்றக்கூடிய முகங்கள். கைகால் அசைவு குறைவுதான். ஆனால் முகபாவத்தின் நேர்த்தியில் இந்த அளவு பொம்மைகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம்.

தரத்தைப் பொம்மையின் கண்ணில்தான் முதலில் பார்க்க வேண்டும். அசலில் கருவிழிக் கோடுகள் கூர்மையாக அச்சாகியிருக்கும். போலியில் மை கசிந்திருக்கும், தோல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும், பெட்டியைத் திறந்ததும் ரசாயன நெடி அடிக்கும்.

முகத்தை மாற்ற, முன்முடியை முதலில் கழற்றுங்கள். கழுத்து இறுகியிருந்தால் வலுவாகத் திருகாதீர்கள், இணைப்புக் குச்சி முறிந்துவிடும். குச்சி செருகும் துளையுள்ள பகுதியை வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் பிவிசி பிளாஸ்டிக் இளகும். காற்றோட்டமின்றி நெடுநாள் மூடி வைத்தால் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) மேலே கசிந்து பிசுபிசுக்கும். மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.