புல்லட் வண்டியின் பக்கப் பெட்டிக்குச் சாவி செய்து ஐந்து ஆண்டுகள்

1986-இல் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த என் தந்தையாரின் புல்லட் 350-இல், பின்சக்கரத்தின் இருபுறமும் இரும்புத் தகட்டாலான இரண்டு பக்கப் பெட்டிகள் இருக்கின்றன. அவை வண்டியோடு வந்தவை அல்ல. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருந்த கடையொன்றில் அதே ஆண்டில் வாங்கிப் பொருத்தப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே சாவி. 2019 டிசம்பரில் அந்தச் சாவியை ஏதோவொரு பெட்ரோல் பங்க்கில் தவறவிட்டேன். வண்டியின் சாவி வேறு என்பதால் ஓட்டுவதற்குத் தடையில்லை, ஆனால் ஆர்.சி. புத்தகமும், காப்பீட்டுத் தாளும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெட்டியின் மாற்றுச்சாவியும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. மாற்றுச்சாவியை எங்கே வைக்கக் கூடாதோ அங்கேயே வைத்த பெருமை என்னுடையதுதான்.

வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், தடித்த ஸ்குரூ டிரைவரைப் பூட்டுக்குள் அடித்துத் திருப்பினால் இரண்டு நிமிட வேலை என்றார். புதிய பூட்டு எளிதில் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மேஜை இழுப்பறைகளுக்கும் இரும்பு அலமாரிகளுக்கும் போடும் இவ்வகைப் பூட்டுகள் இன்றும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கின்றன. ஆயினும் பழைய பெட்டியில் சிக்கல் பூட்டில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் துளையில் இருக்கிறது. பூட்டின் உடல் தானே சுழன்றுவிடாதபடி அந்தத் துளையின் இருபக்கமும் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். ஸ்குரூ டிரைவரால் வலிந்து திருப்பும்போது அந்தத் தட்டை விளிம்புகள் நசுங்கி, தகடு வளைந்து, மூடியின் ரப்பர் பட்டை சரியாகப் படியாமல் போகும். அதன்பின் எந்தப் பூட்டைப் போட்டாலும் ஆடும். மழைநீரும் உள்ளே இறங்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் இதைக் கண்ணாரக் கண்டிருந்ததால் மறுத்துவிட்டேன்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் முழுவதும் சாவிகளைக் கிளறியது வீண். வெளிநாட்டுப் பெட்டிகளான கிவி, ஹெப்கோ பெக்கர் போன்றவற்றில் சாவியிலோ பூட்டிலோ ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் அதற்குரிய சாவியை வெட்டித் தர வழியுண்டு. நம் பெட்டிகளைச் செய்தவர்கள் அத்தகைய எண் எதையும் வைக்கவில்லை. எனவே பூட்டைப் பார்த்தே சாவி செய்யும் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. நடைபாதையில் மரப்பெட்டியும் அரங்களுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கிடைத்தார்.

அவர் கருவியைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி உங்க பேர்லதானே சார் இருக்கு? ஆர்.சி.யைக் காட்டுங்க" என்பதுதான். ஆர்.சி. பெட்டிக்குள் இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டார். 2016-இல் பதிவைப் புதுப்பித்தபோது விவரங்கள் கணினியில் ஏறியிருந்ததால், கைப்பேசியில் டிஜிலாக்கரைத் திறந்து காட்ட முடிந்தது. அவர் எண் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்கினார். இப்படிக் கேட்காமல் சாவி செய்து கொடுப்பவரிடம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள் என்றே சொல்வேன்.

இவ்வகைப் பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாளரம், ஒவ்வொரு சாளரமும் வெவ்வேறு உயரத்தில். ஸ்பிரிங்குகள் அத்தகடுகளை உருளைக்கு வெளியே தள்ளிப் பூட்டின் உடலில் மாட்ட வைக்கின்றன. சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கி அது சுழல்கிறது. பெரியவர், வெட்டாத பித்தளைச் சாவியொன்றை மெழுகுவர்த்திப் புகையில் கரியேற்றி, பூட்டுக்குள் நுழைத்து, மெல்லத் திருகி அசைத்து வெளியே எடுத்தார். இறுகி நின்ற தகடுகள் கரியின் மேல் மெல்லிய தழும்புகளை விட்டிருந்தன; தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மீண்டும் புகை, மீண்டும் பூட்டு. தழும்பு விழாமல் போன இடத்தை அவர் அதன்பின் தொடவே இல்லை. நாற்பது நிமிடங்களில் இடப்பெட்டி திறந்தது. அதே சாவியில் வலப்பெட்டியும் திறந்தது. நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உள்ளே இருந்த மாற்றுச்சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது: அது இடப்பெட்டியை மட்டும், அதுவும் மேலும் கீழும் ஆட்டினால்தான் திறந்தது. தேய்ந்த சாவியை நகலெடுத்து, அந்த நகலும் தேய்ந்தபின் அதை மறுபடி நகலெடுத்த சாவி அது. நகலெடுக்கும் இயந்திரத்துக்குத் தேய்மானம் எது, வெட்டு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே படியெடுக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது மூன்றாவது வெட்டு, புதுச்சாவியைவிடக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. ஆகவே கையில் பழைய சாவி இருந்தாலும், அது ஆட்டினால்தான் திறக்கிறது என்றால், அதை நகலெடுப்பதைவிடப் பூட்டிலிருந்தே ஒரு சாவி செய்துகொள்வது மேல்.

அன்றே புதுச்சாவியிலிருந்து இரண்டு நகல்கள் எடுத்து, மூலத்தை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். இந்த ஐந்து ஆண்டுகளில் அது ஒருமுறைகூடப் பூட்டுக்குள் போனதில்லை. மூன்றாவது நகல் எடுக்க மட்டும் ஒருமுறை வெளியே வந்தது. அந்தத் தேவைக்குக் காரணம் பித்தளையின் மென்மை. இரண்டாம் ஆண்டில், பெட்டி நிறையத் துணிகளைத் திணித்து மூடியை அழுத்தாமலே திருப்பியதில் ஒரு நகல் முறுக்கிக்கொண்டது. மூடியை ஒரு கையால் அழுத்திப் பூட்டின் நாக்கின் மேல் இருக்கும் பாரத்தை நீக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். இரும்புச் சாவி இப்படி வளையாது. ஆனால் அது உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகளை விரைவில் தேய்த்துவிடும் என்பதால் நான் மாறவில்லை.

நான் செய்த பெருந்தவறு எண்ணெய். முதல் மழைக்காலத்தில் பூட்டு இறுகியதும் என்ஜின் ஆயிலைச் சொட்டுவிட்டேன். ஒரு வாரம் வெண்ணெயாகச் சுழன்றது. பின்சக்கரம் வாரியிறைக்கும் புழுதி அந்த எண்ணெயோடு குழைந்து களிம்பாகி, தைப்பொங்கலுக்குள் தகடுகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டன. உருளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முழுதாக உலர்த்திய பின், அதன்பிறகு இன்றுவரை பென்சில் கரிதான். 2பி பென்சிலைச் சாவியின் இருபுறமும் அழுத்தித் தேய்த்து, பத்து முறை நுழைத்தெடுத்தால் போதும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும்.

இப்போது இடப்பூட்டு தடையின்றி வேலை செய்கிறது. வலப்பூட்டின் சாவித்துளையை மறைக்கும் சிறு மூடியின் ஸ்பிரிங் சென்ற ஐப்பசியில் துருவேறி முறிந்துவிட்டது. அந்த அளவில் ஸ்பிரிங் கிடைக்காததால், பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேலே திருகி மூடியிருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் அடைமழையிலும் துளைக்குள் தண்ணீர் போகவில்லை.