ஓதம் ஏறுற சுவருக்கு எது தாங்கும்: தஞ்சாவூர் பெயிண்டிங்கா, கேன்வாஸா, கலம்காரியா?

ஹால் சுவருக்கு ஒரு படம் வாங்கணும், பிரிண்ட் கூடாது, மனுஷன் கையால வரைஞ்சதா இருக்கணும், பத்தாயிரத்துக்குள்ள முடியணும். எங்க வீட்டுல போட்ட கண்டிஷன் இவ்வளவுதான். கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு இதுக்காக சென்னை கேலரி வரைக்கும் போறது அநியாயம், பஸ் ஏறினா பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிடுற தூரத்துலயே எல்லாம் இருக்கு. கடைசி வரைக்கும் போட்டியில நின்னது மூணு: சின்ன சைஸ் தஞ்சாவூர் பெயிண்டிங், ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க வரையுற கேன்வாஸ், பருத்தித் துணியில சாயத்தால கையால வரையுற கருப்பூர் கலம்காரி. நாங்க வாங்கினது கலம்காரி. அதனால நான் நடுநிலையா பேசுவேன்னு நம்பிப் படிக்காதீங்க.

சுவாமிமலை விக்கிரகம் முதல் ரவுண்டுலயே அவுட். மெழுகுல உருவம் செஞ்சு, வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துட்டு அந்த இடத்துல உலோகத்தை ஊத்துற வேலை, அழகுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா எடை ஏற ஏற விலை ஏறும், அதோட எங்க அத்தை "விக்கிரகம்னு வந்துட்டா தினம் நைவேத்தியம் வைக்கணும், யார் வைப்பா?"ன்னு கேட்டாங்க, அதோட பேச்சு முடிஞ்சுது. தஞ்சாவூர் தட்டு வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்ல வந்ததே ரெண்டு மூணு பீரோ மேல கெடக்கு.

தஞ்சாவூர் பெயிண்டிங் வாங்கத்தான் முதல்ல கிளம்பினோம். சரபோஜி காலத்துல கொடிகட்டிப் பறந்த கலை, 2007-08லயே புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, ஊர்ப் பேரே அதுல இருக்கு, வேற என்ன வேணும். பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்புப் பவுடரும் பசையும் குழைச்சுப் பூசி, மேடாக்கி, கல்லு பதிச்சு, 22 கேரட் தங்க ரேக்கு ஒட்டுவாங்க. ரேக்கு அசல்னா மங்கவே மங்காது. விலை ரொம்ப கம்மியா யாராவது சொன்னா முதல்ல ரேக்கைத்தான் சந்தேகப்படணும், இமிடேஷன் ரேக்கு கொஞ்ச நாள்ல கறுத்துடும். இன்னொண்ணு, என் பட்ஜெட்டுக்குக் கிடைக்கிறதெல்லாம் அதே வெண்ணெய்த்தாழி கிருஷ்ணன், அதே கஜலட்சுமி. கைவேலைதான், இல்லேங்கல, ஆனா அதே டிரேஸ்ல அதே கிருஷ்ணன் அடுத்த தெரு வீட்டுலயும் தொங்குவார்.

கேன்வாஸ் அதுக்கு நேர் எதிர். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரில படிக்கிற பசங்க, படிச்சு முடிச்சுட்டு இங்கயே இருக்கிறவங்க, இவங்ககிட்ட வாங்கினா உலகத்துலயே அந்த ஒரு படம்தான். படித்துறை, கோபுரம், மாடு, சந்தை, சில சமயம் ஒண்ணும் புரியாத நிறக் குழப்பம், அதுவும் நல்லாத்தான் இருக்கும். வரைஞ்ச ஆள்கிட்டயே நேரா பேசி வாங்கலாம், காசும் முழுசா அவங்களுக்கே போகும். மனசு மட்டும் முடிவு பண்ணியிருந்தா இதான் ஜெயிச்சிருக்கும்.

ஆனா முடிவு பண்ணினது சுவர்.

டெல்டால பழைய வீட்டுல இருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. செங்கல் சுண்ணாம்புச் சுவர், கீழ நிலத்தடித் தண்ணி கிட்டக்கவே நிக்கும், ஓதம் இடுப்பு உசரத்துக்கு ஏறும், பூச்சு பொரிஞ்சு உப்பு பூக்கும். அதை மறைக்க மேல சிமெண்ட் பூசினா ஓதம் வெளிய ஆவியாக வழியில்லாம இன்னும் மேல ஏறும். ஐப்பசி கார்த்திகைல அடைமழை பிடிச்சா பீரோக்குள்ள இருக்கிற புடவையே பூசணம் பிடிக்குது, சுவத்துல ஒட்டித் தொங்குற படம் எம்மாத்திரம்?

தஞ்சாவூர் பெயிண்டிங்கை எடுத்துக்குங்க. பிளைவுட், துணி, பசை, சுண்ணாம்புப் பூச்சு, ஒண்ணு மேல ஒண்ணா இத்தனை அடுக்கு. ஈரம் பட்டா பலகை ஒரு அளவுக்கு உப்பும், பூச்சு வேற அளவுக்கு உப்பும், நடுவுல விரிசல் விடும், கல்லு கழண்டு விழும். கண்ணாடி போட்டுத்தான் ஆகணும், ஆனா ஃபிரேமோட பின்பக்கம் சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்தா ஈரம் உள்ள போய் மாட்டிக்கும், கண்ணாடிக்கு உள்பக்கமா புள்ளி புள்ளியா பூசணம் வரும். காகிதத்துல வரைஞ்ச வாட்டர்கலர்னா அதோட சேர்த்து ராமபாணப் பூச்சியும். கேன்வாஸுக்குக் கண்ணாடி வேணாம், அந்த வகையில தேவலாம், ஆனா மழைக்காலத்துல துணி தொய்யும், பின்னாடி இருக்கிற மலிவு மரச் சட்டத்தைக் கரையான் தேடி வரும். சுவரை ஒட்டினாப்ல இருக்கிற மரம்னா கரையானுக்கு ஒரு தனி பாசம்.

ஃபிரேம் செலவையும் கணக்குல சேருங்க. நல்ல தேக்குச் சட்டம், கண்ணாடி, பின்னாடி அட்டைன்னு போட்டா படத்து விலையில கணிசமான பங்கு அங்கயே போயிடும்.

கலம்காரில இந்தத் தொல்லை எதுவும் இல்ல. அது வெறும் பருத்தித் துணி. மேல ஒரு மூங்கில் கம்பு, ரெண்டு ஆணி, முடிஞ்சுது. சுவத்துலேந்து ஒரு அங்குலம் தள்ளியே தொங்குது, பின்னாடி காத்து ஓடுது. அடைமழை வந்தா கழட்டி, பழைய வேட்டியோட சேர்த்து ஒரு பிவிசி பைப்புல சுத்தி, கொஞ்சம் வசம்பு போட்டு பரண்ல வச்சுடுவேன், தை பொறந்ததும் நிழல்ல காத்தாட விட்டுட்டு திரும்ப மாட்டுறது. மடிக்க மாட்டேன், மடிச்ச இடத்துல கோடு விழும். துவைக்கவே கூடாது.

இதுவும் நம்ம ஊர்க் கலைதான், நாயக்கர் காலத்துலேந்து வருது. கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கம் இன்னும் சில குடும்பங்கள் வரையுறாங்க, 2021ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. தேர்ல தொங்குற தொம்பை, மேல கட்டுற அஸ்மானகிரி, குடைச்சீலை எல்லாம் இவங்க கைவேலை. துணியைக் கடுக்காய் சாறுலயும் பால்லயும் நனைச்சுக் காயவச்சு, குச்சி நுனியில துணி சுத்தின கலத்தால கோடு இழுப்பாங்க, கறுப்பு இரும்புலேந்து வர்ற சாயம். நாங்க எடுத்தது யாளியும் அன்னமும் ஓரத்துல கொடிப் பூவும் இருக்கிற ஒரு துண்டு. வந்தவங்கள்ல பாதிப்பேர் "என்ன, தேர்ச்சீலையைக் கொண்டாந்து ஹால்ல மாட்டியிருக்கீங்க"ன்னு கேட்டாங்க, கேக்கட்டும்.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. கையால வரைஞ்சதுல கோடு ஒரே தடிமனா இருக்காது, ஒரு யாளிக்கும் அடுத்த யாளிக்கும் மீசை மாறும். எல்லா யாளியும் அச்சுல வார்த்த மாதிரி இருந்தா அது பிரிண்ட். இயற்கைச் சாயமா கெமிக்கலான்னும் கேட்டுடுங்க, ரெண்டும் விக்குறாங்க, விலையும் ஒண்ணில்ல.

குறையும் உண்டு. வெயில் ஆகாது, மேற்கு ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா மஞ்சள்தான் முதல்ல வெளுக்கும். இரும்புக் கறுப்பு ரொம்ப வருஷம் போனா துணியையே மெல்ல அரிக்கும்ங்கிறாங்க. எங்க வீட்டுது பாத்தது சில மழைக்காலம்தான், இது வரைக்கும் சேதமில்ல. திருப்பி விக்கிற கணக்குல வாங்குறவங்களுக்கு நான் சொல்ற யோசனை உதவாது, நான் எதையும் வித்ததில்ல, நாலு பேருக்குத் தெரிஞ்ச பேருங்கிறதால தஞ்சாவூர் பெயிண்டிங்குக்கு ஆள் சுலபமா கிடைக்கும்னு தோணுது.

திருச்சில புது அபார்ட்மென்ட்ல நாலாவது மாடி, ஓதமே தெரியாத சுவர்னா கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காலேஜ் பசங்ககிட்ட ஒரு கேன்வாஸ் வாங்குங்க, கீழ ரெண்டு மூலையிலயும் கார்க்குத் துண்டு ஒட்டி மாட்டுனா போதும். கலம்காரிதான்னு முடிவு பண்ணினா தேர்த் திருவிழா நெருங்குற நேரத்துல போய் நிக்காதீங்க, அப்ப கோயில் வேலைதான் முதல்ல, நம்ம துண்டு அடுத்ததாத்தான் வரும்.